மனச்சோர்வை வெல்ல உடற்பயிற்சி: உணர்ச்சிக்கும் ஊக்கத்திற்கும் உள்ள பங்கு

(மத்திய அரசு அலுவலர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளுடன் காலம் கழித்துவரும் ஒருவன் மனச்சோர்வைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் பேச முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நான் மருத்துவனல்லன், உளவியல் வல்லுநனும் அல்லன். ஆயினும் இரண்டு காரணங்களால் இந்தப் பொருளை நானே கேட்டுப் பெற்றுக்கொண்டேன். மனித ஆற்றல் வீணாவதைப் பற்றிக் கவலைப்படுவது பொருளாதாரம் பயின்றவனின் கடமை என்பது முதற் காரணம். இரண்டாவது காரணம் என் சொந்த அனுபவம். அதை முதலில் கூறிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவின் பொறுப்பில் இருந்தேன். அங்கே பணியாற்றிய உதவியாளர் ஒருவர் அதுவரை நேரந்தவறாதவர். கணக்கில் பிழை விடாதவர். திடீரென்று தாமதமாக வரத் தொடங்கினார். மேசையின்மீது கோப்புகள் தேங்கின. பேச்சுக் குறைந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து, விளக்கம் கோரி அவருக்கு ஒரு குறிப்பாணை அனுப்பினேன். காலையில் எழுந்திருக்க இயலவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தத் தாளின் ஓரத்தில் ‘விளக்கம் ஏற்கத்தக்கதன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். விதிகளின்படி நான் செய்ததில் தவறேதும் இல்லை. ஓராண்டுக்குள் அவர் விருப்ப ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார்.

அதன்பின் ஆறு ஆண்டுகள் கழித்து, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நான் டில்லிக்கு மாற்றலாகிச் சென்றேன். முதற் குளிர்காலத்திலேயே என் உறக்கம் குலைந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பிறகு உறக்கம் வராது. படுக்கையில் கண் விழித்தபடி, எழவேண்டும் என்று நன்கு அறிந்தும், எழ இயலாமல் கிடப்பேன். அத்தகைய ஒரு காலையில்தான், அந்த உதவியாளர் எழுதிய ஒரு வரியில் பொய் ஏதும் இல்லை என்பது எனக்கு விளங்கியது.

நோயின் அளவு

மனச்சோர்வு இரண்டு நாள் வருத்தத்தினின்றும் வேறுபட்டது. இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதியில் மனம் தளர்ந்திருப்பது, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது, உறக்கமும் பசியும் மாறுபடுவது, ஓயாத களைப்பு, கவனக் குலைவு, தன்னைத்தானே பயனற்றவன் என்று கருதுவது ஆகிய அறிகுறிகளுள் பல சேர்ந்து வரும் நிலையையே மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கின்றனர். இதற்கும் சோம்பலுக்கும் உறவில்லை. சோம்பியிருப்பவன் சும்மா இருப்பதில் சுகம் காண்கிறான். மனச்சோர்வுற்றவனுக்கு அந்தச் சுகமும் கிட்டுவதில்லை.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிலையம் 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயதுவந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்று அது கண்டறிந்தது. அவ்வாறு ஆளானோரில் சுமார் 85 சதவிகிதத்தினருக்கு உரிய சிகிச்சை கிடைக்கவில்லை என்பது அதனினும் கவலைக்குரிய செய்தி. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற அளவைக்கூட நம் நாடு இன்னும் எட்டவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, மனச்சோர்வும் மனப்பதற்றமும் சேர்ந்து ஆண்டுதோறும் உலகில் 1,200 கோடி வேலை நாட்களை விழுங்குகின்றன. உற்பத்தி இழப்பு ஒரு லட்சம் கோடி டாலர். நம் நாட்டின் 2023-24ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை மனநலத்தைத் தனியே எடுத்து விவாதித்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும். ஆயினும், அலுவலகத்தில் இருக்கையில் அமர்ந்தபடியே உள்ளுக்குள் உடைந்துகொண்டிருப்பவர்களின் கணக்கு எந்த வருகைப் பதிவேட்டிலும் வருவதில்லை.

நச்சு வட்டம்

வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு வறுமையின் நச்சு வட்டம் பழக்கமான பாடம். மூலதன ஆக்கத்தைப் பற்றி 1953இல் ராக்னர் நர்க்ஸே எழுதிய நூலில் அதை விளக்கினார். வருமானம் குறைவாக இருப்பதால் சேமிப்புக் குறைகிறது. சேமிப்புக் குறைவதால் முதலீடு குறைகிறது. முதலீடு குறைவதால் உற்பத்தித் திறன் உயர்வதில்லை. ஆகவே வருமானமும் உயர்வதில்லை. 1956இல் ரிச்சர்டு நெல்சன் இதையே தாழ்மட்டச் சமநிலைப் பொறி என்ற கருத்தாக வகுத்தார். சிறிது மேலெழுந்தாலும் பொருளாதாரம் மீண்டும் பழைய நிலைக்கே இழுக்கப்படுகிறது என்பது அதன் சாரம்.

மனச்சோர்வும் இத்தகைய பொறிதான். ஆற்றல் குறைவதால் மனிதன் செயல்களைக் குறைத்துக்கொள்கிறான். நடப்பதை நிறுத்துகிறான், நண்பர் வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கிறான். செயல் குறையக் குறைய, செயலின் வழியாக வரக்கூடிய சிறு மகிழ்ச்சிகளும் நிறைவுகளும் நின்றுபோகின்றன. பகலில் உடல் அசையாததால் இரவில் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டதால் மறுநாள் ஆற்றல் மேலும் குறைகிறது. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணத்திற்கு நாள்தோறும் புதிய சான்று சேர்கிறது.

இந்த வட்டத்தை எந்த இடத்தில் உடைப்பது? எண்ணத்தை நேரடியாக மாற்றுவது கடினம். வருந்தாதே என்று கட்டளையிட்டால் வருத்தம் அகலுவதில்லை. பசியையும் உறக்கத்தையும் ஆணையிட்டு வரவழைக்க முடிவதில்லை. ஆனால், காலைப் பெயர்த்து வைப்பது, எத்துணைக் கடினமாக இருப்பினும், பெரும்பாலான வேளைகளில் நம் ஆளுகைக்குள் இருக்கிறது. வட்டத்தின் நலிந்த கண்ணி அதுவே.

முன்னது எது, பின்னது எது?

இங்கே ஒரு பொதுவான தவறான கருத்தைக் களைய வேண்டியிருக்கிறது. முதலில் ஊக்கம் பிறக்கவேண்டும், பிறகுதான் செயல் நிகழும் என்று நாம் எண்ணுகிறோம். மனச்சோர்வு உற்றவரிடம் உற்றாரும் அலுவலக மேலாளரும், ‘கொஞ்சம் ஊக்கத்தை வரவழைத்துக்கொள்’ என்றே கூறுகின்றனர். அவரிடம் இல்லாத ஒன்றையே முதலீடாகப் போடச் சொல்லும் அறிவுரை அது.

உணர்ச்சி என்றால் என்ன என்ற வினாவை 1884இல் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் எழுப்பினார். உடலில் மாறுதல்கள் முதலில் நிகழ்கின்றன என்றும், அவற்றை நாம் உணர்வதே உணர்ச்சி என்றும் அவர் வாதிட்டார். டென்மார்க் நாட்டின் கார்ல் லாங்கே அடுத்த ஆண்டில் இதையொத்த முடிவுக்கு வந்தார். 1927இல் வால்டர் கேனன் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தார். இன்று அதை அப்படியே ஏற்பவர் அரியர். எனினும், மனத்திலிருந்து உடலுக்கு வழி இருப்பது போலவே உடலிலிருந்து மனத்திற்கும் வழி உண்டு என்ற செய்தி நிலைபெற்றுவிட்டது.

1973இல் சார்லஸ் ஃபெர்ஸ்டர் மனச்சோர்வைச் செயல்களின் நோக்கில் ஆராய்ந்தார். அவரும் பீட்டர் லெவின்சன் முதலானோரும் வகுத்த வழியில், செயலூக்கச் சிகிச்சை எனத்தக்க ஒரு முறை பிற்காலத்தில் உருவாயிற்று. மனநிலை சீரடைந்த பின் செயல்படலாம் என்று காத்திராமல், முன்கூட்டி வகுத்த சிறு செயல்களைச் செய்வதன் மூலம் மனநிலையைச் சீராக்குவது இம்முறை. நான் இன்று வலியுறுத்த விரும்பும் ஒரே கருத்தும் இதுதான்: ஊக்கம் செயலின் முன்னோடியாக மட்டும் வருவதில்லை, பெரும்பாலும் அது செயலின் விளைச்சலாக வருகிறது.

ஆய்வுகள் கூறுவன

உடற்பயிற்சிக்கு உண்மையிலேயே இந்த ஆற்றல் உண்டா? அமெரிக்காவில் டியூக் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள, மனச்சோர்வு நோய் கொண்ட 156 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் கண்காணிப்பின்கீழ் வாரம் மூன்று முறை உடற்பயிற்சி செய்தனர். ஒரு குழுவினர் மருந்து உட்கொண்டனர். மற்றக் குழுவினர் இரண்டையும் மேற்கொண்டனர். மருந்து பலனை விரைவில் காட்டியது. எனினும் 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் கண்டிருந்தன.

ஒரே ஆய்வைக் கொண்டு முடிவு கட்டுவது பொருளியலாளனுக்கு அழகன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழுவின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, உடற்பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்று கூறியதுடன், மிகக் கட்டுப்பாடாக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அப்பலன் சிறியதாகவே தெரிகிறது என்றும் எச்சரித்தது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2024இல் வெளியான தொகுப்பாய்வு 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் உள்ளடக்கியது. நடை அல்லது மெல்லோட்டம், யோகாசனம், தசை வலிமைப் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தருவதாக அது கண்டது.

நார்வேயில் 33,908 பேரைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு நமக்கு மிகவும் பொருத்தமானது. அனைவரும் வாரத்தில் ஒரு மணி நேரமேனும் உடற்பயிற்சி செய்திருந்தால், பின்னர் தோன்றிய மனச்சோர்வு நேர்வுகளில் 12 சதவிகிதம் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று அதன் ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று நான் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். வாரத்திற்கு ஒரு மணி நேரம் போதும். நாளுக்கு ஒன்பது நிமிடங்கள்கூட ஆகவில்லை.

ஒதுக்கீடு இல்லாத திட்டம்

இவ்வளவு எளிய மருந்தை மக்கள் ஏன் உட்கொள்வதில்லை? நன்மைகளை எடுத்துரைத்தால் போதும், மக்கள் செயல்படுவர் என்ற நம்பிக்கை நம் பிரசாரங்களில் பரவலாக உண்டு. பிரிட்டனில் பல்கலைக் கழக மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துக்கூறி ஊக்கமூட்டினர். மற்றொரு பகுதியினரிடம் ஊக்கவுரையுடன் கூட, அடுத்த வாரத்தில் எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் பயிற்சி செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுதச் சொன்னார்கள். ஊக்கவுரை மட்டும் கேட்டவர்களில் 35 சதவிகிதத்தினரே பயிற்சி செய்தனர். எவ்விதத் தூண்டுதலும் பெறாதவர்களைவிட அவர்கள் மேம்படவில்லை. நாளும் நேரமும் இடமும் குறித்தவர்களில் 91 சதவிகிதத்தினர் செய்து முடித்தனர்.

அந்த மாணவர்கள் நோயாளிகள் அல்லர் என்பது உண்மையே. நலமுள்ள மாணவருக்கே ஊக்கவுரை போதவில்லை என்றால், மனச்சோர்வுற்றவருக்கு அது எவ்வாறு போதும்? திட்டங்களைத் தீட்டிப் பழகிய நமக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. குறிக்கோள் எத்துணை உயர்ந்ததாயினும், நிதி ஒதுக்கீடும் கால அட்டவணையும் பொறுப்பாளரும் குறிக்கப்படாத திட்டம் ஏட்டிலேயே நின்றுவிடுகிறது. தனிமனிதனின் உறுதிமொழிக்கும் அதே விதிதான்.

எந்த உணர்ச்சியைத் துணைகொள்வது?

அப்படியானால் உணர்ச்சிக்கு இதில் இடமே இல்லையா? உண்டு. மனச்சோர்வில் மகிழ்ச்சி அவிந்துபோகிறது. ஆனால் எல்லா உணர்ச்சிகளும் அவிந்துபோவதில்லை. குழந்தையின்பால் உள்ள அன்பு, பிறரை ஏமாற்றக்கூடாது என்ற கூச்சம், கடமையுணர்வு, சில வேளைகளில் தன் நிலைமீது தனக்கே எழும் சினம் ஆகியவை சாம்பலுக்கடியில் தணலாக இருக்கின்றன. மகிழ்ச்சிக்காகக் காத்திராமல், எஞ்சியிருக்கும் தணல் எதுவோ அதைக்கொண்டு அடுப்பை மூட்டுவதே அறிவுடைமை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். டில்லியில் என் அடுத்த வீட்டில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தனியே வசித்துவந்தார். அனைவரும் அவரை மாஸ்டர்ஜி என்று அழைப்பர். அவருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. பனிமூட்டத்தில் சாலையைக் கடந்து பால் நிலையத்துக்குச் செல்ல அஞ்சிய அவர், ‘காலையில் நீங்கள் பால் வாங்கப் போகும்போது என்னையும் அழைத்துச் செல்லுங்கள்’ என்று கேட்டார். நான் பால் வாங்கப் போவதை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சரி என்று கூறிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் தூக்குடன் அவர் கதவைத் தட்டினார். என் உடல் நலத்தின் பொருட்டு நான் எழுந்திருக்கமாட்டேன். ஒரு முதியவரைக் குளிரில் காக்கவைக்கக் கூடாதே என்பதற்காக எழுந்தேன். போக வர அறுநூறு அடிகள் இருக்கும். முதல் வாரத்தில் எவ்வித மகிழ்ச்சியும் தோன்றவில்லை. மூன்றாம் வாரத்தில், பால் வாங்கியபின் பூங்காவை ஒருமுறை சுற்றிவரலாம் என்று நானே சொன்னேன். அப்படிச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே ஐயமாக இருந்தது. அதற்குள் மருத்துவரையும் பார்த்து மருந்து உட்கொள்ளத் தொடங்கியிருந்தேன். ஆகவே நலமடைந்ததற்குக் காரணம் நடை மட்டுமே என்று உரிமை கொண்டாடமாட்டேன். ஆனால் மருத்துவரிடம் செல்வதற்கு வேண்டிய ஆற்றலை எனக்குத் தந்தது அந்த அறுநூறு அடிதான்.

அச்சத்தையும் அவமானத்தையும் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கலாம். அவை முதல் நாளில் மனிதனை ஓடவைக்கும். பத்தாம் நாளில் ஒளியவைக்கும். எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரையனும் 1985இல் தம் நூலில் வகுத்தளித்த ஊக்கக் கொள்கை இதைத் தெளிவாக்குகிறது. தானே தேர்ந்துகொண்டோம் என்ற உணர்வு, தன்னால் இயலும் என்ற உணர்வு, பிறரோடு இணைந்திருக்கிறோம் என்ற உணர்வு ஆகிய மூன்றும் கிடைக்கும்போது ஊக்கம் நிலைக்கிறது. மாஸ்டர்ஜி அறியாமலேயே இம்மூன்றையும் எனக்கு அளித்தார் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

கோவாவிலிருந்து ஒரு பாடம்

இத்தகைய உதவியைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் ஒரு முறையாக அமைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து, பயிற்சியளித்து, ஆலோசகர்களாக அமர்த்தினர். அவர்கள் நோயாளிகளை ஆறு முதல் எட்டு முறை சந்தித்து, அவர்களுக்குப் பொருளுள்ள செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் மேற்கொள்ள உதவினர். மூன்று மாதங்களுக்குப்பின், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவிகிதத்தினரும், இந்த உதவியையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவிகிதத்தினரும் நோயின் பிடியிலிருந்து மீண்டிருந்தனர்.

அங்கே அளிக்கப்பட்டது உடற்பயிற்சி மட்டுமன்று. செயலூக்க முறை முழுமையும் கையாளப்பட்டது. எனினும், செயலை முதலில் வைத்தால் மனம் பின்தொடரும் என்ற கருத்து, மருத்துவமனை வசதி மிகுந்த நாடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை அது மெய்ப்பித்தது.

சில நடைமுறை வழிகள்

வளர்ச்சிப் பொருளாதாரத்தில் பெரு உந்தல் என்றொரு கொள்கை உண்டு. 1943இல் ரோசன்ஸ்டீன்-ரோடான் முன்வைத்த கருத்து அது. தேக்கத்தை உடைக்கப் பல துறைகளில் ஒரே நேரத்தில் பெருமுதலீடு வேண்டும் என்பது அதன் வாதம். மனச்சோர்வில் இக்கொள்கை பலிப்பதில்லை. நாளை முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடுவேன் என்று முடிவு செய்பவர் மூன்றாம் நாள் நின்றுவிடுகிறார். தோல்விக் கணக்கில் மேலும் ஒன்று சேருகிறது. ஆகவே,

முதலாவதாக, வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாகத் தொடங்குங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவது முதல் வாரத்துக்குப் போதும்.

இரண்டாவதாக, நேரத்தையும் இடத்தையும் எழுதிவையுங்கள். ஏற்கெனவே தவறாமல் நிகழும் ஒரு செயலுடன் அதைப் பிணையுங்கள். ‘காலைத் தேநீர் அருந்திய உடன், குடியிருப்பின் வாயில் வரை’ என்பதுபோல அது திட்டவட்டமாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். உங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவர், பத்து நூல்களைவிட வலிய தூண்டுகோல்.

நான்காவதாக, கணக்கு வையுங்கள். புறப்படுமுன் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், திரும்பியபின் எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். என் குறிப்பேட்டின் முதல் பக்கங்களில் புறப்படுமுன் இரண்டும் திரும்பியபின் மூன்றும் மட்டுமே காணப்படும். ஆனால் ‘போவதால் பயனில்லை’ என்று மனம் வாதிடும் காலைகளில், அந்த ஒரு மதிப்பெண் வேறுபாடே என் தரப்புச் சான்றாக நின்றது.

ஐந்தாவதாக, தவறிய நாளை நிலுவையாகச் சேர்க்காதீர்கள். நேற்று நடக்காததற்காக இன்று இருமடங்கு நடக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் புதுக் கணக்கே.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, வயதுவந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பை மேற்கொள்ளவேண்டும் என்கிறது. படிப்படியாக அந்த அளவை நாடலாம். அது சென்றடைய வேண்டிய இலக்கு. நுழைவுக் கட்டணம் என்று எண்ணி அஞ்சவேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். கடும் மனச்சோர்வு உற்றவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுபவர், உடற்பயிற்சியை நம்பிக் காலந்தாழ்த்தாமல் உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது. இதய நோய், மூட்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே பயிற்சியைத் தேர்ந்துகொள்ளவேண்டும்.

மகளிரின் நேரம்

இந்த அறிவுரைகளை வழங்கும்போது ஆண்களாகிய நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றில் செலவிட்டனர். ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்பார் உண்டு. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலுழைப்புக்கும் மனநலத்துக்கும் காணப்படும் நல்லுறவு, வீட்டு வேலையிலும் பணியிட உழைப்பிலும் அவ்வாறு காணப்படவில்லை என்பதே ஆய்வுகளைத் தொகுத்தோரின் முடிவு. தேர்ந்துகொண்ட உழைப்புக்கும் திணிக்கப்பட்ட உழைப்புக்கும் உள்ள வேறுபாடு இது. மனச்சோர்வுற்ற ஒரு பெண்ணிடம் ‘காலையில் நட’ என்று கூறுமுன், அந்த அரைமணி நேரம் அடுப்பங்கரையில் நிற்கப்போவது யார் என்பதை வீட்டார் முடிவு செய்யவேண்டும்.

அலுவலர்களின் பொறுப்பு

2022இல் இந்திய வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று லான்செட் உலக சுகாதார இதழ் 2024இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டது. 2019 ஆகஸ்ட் 29இல் ஃபிட் இந்தியா இயக்கம் தொடங்கிற்று. மனநலத் திட்டங்களும் உடற்பயிற்சி இயக்கமும் தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன. ஆனால் மனிதனின் மனமும் உடலும் ஒரே கோப்பு. நடைபாதைகளைச் சீராக்குவதும், பூங்காக்களை விடியற்காலையிலும் இரவு எட்டு மணி வரையிலும் திறந்துவைப்பதும், தெருவிளக்குகளை எரியச் செய்வதும் மனநலப் பணிகளே என்று நகராட்சி அலுவலர்கள் கருதவேண்டும்.

பிரிவுத் தலைவர்களாக இருப்போருக்கு இன்னும் எளிய கடமை ஒன்று உண்டு. நன்கு பணியாற்றிவந்த ஒருவர் திடீரென்று தளர்ந்தால், விளக்கம் கோருமுன் அவரைத் தனியே அழைத்து, உறக்கம் எப்படி என்று கேளுங்கள். உணவு இடைவேளையில், ‘வாருங்கள், வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்’ என்று அழையுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்; மறுநாள் மீண்டும் அழையுங்கள். இதற்கு நிதித் துறையின் இசைவு தேவையில்லை.

மாணவ நண்பர்களே, தேர்வும் வேலைதேடலும் தரும் நெருக்கடியில் உங்களில் சிலர் இந்த இருளைக் கண்டிருக்கக்கூடும். ஊக்கம் வரவில்லையே என்று உங்களையே பழித்துக்கொள்ளாதீர்கள். அது வரும்வரை காத்திராமல், அது இல்லாமலே பத்தடி நடந்துபாருங்கள்.

அந்த உதவியாளரின் கோப்பில் நான் எழுதிய குறிப்பை இனி மாற்ற இயலாது. நிலைய ஆணைகளின்படி பழைய குறிப்புகள் அழிக்கப்படுவதுமில்லை. அன்று நான் எழுதியிருக்க வேண்டியது வேறொரு குறிப்பு. ‘விளக்கம் பார்த்தேன். நாளை காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டு வாயிலில் இருப்பேன்’ என்று எழுதியிருக்கவேண்டும். உங்கள் மேசைக்கு அப்படிப்பட்ட ஒரு வரி விளக்கம் என்றேனும் வந்தால், எனக்காக அதை நீங்கள் எழுதுங்கள்.